டிரான்ஸ்பார்மர் ட்ரிப் ஆனால்: எந்தக் கொடி விழுந்தது, அடுத்து எதைப் பார்ப்பது

ஆலையின் பெரிய டிரான்ஸ்பார்மர் ட்ரிப் ஆனதும், அதாவது பாதுகாப்பு ரிலே பிரேக்கரைத் திறந்து சப்ளையை நிறுத்தியதும், எல்லோரும் கேட்பது ‘சப்ளை எப்போது வரும்’ என்றுதான். அந்த நெருக்கடியில் எந்தப் பாதுகாப்பு இயங்கியது என்று காட்டும், ரிலேயில் விழுந்த கொடியைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் ரீசெட் அடித்து மறுபடி சார்ஜ் பண்ணுவது, அதாவது மின்சாரம் கொடுப்பது, பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. உள்ளே உண்மையான ஃபால்ட் இருந்தால் சரிசெய்யக்கூடிய வைண்டிங் அந்த இரண்டாவது சார்ஜில் எரிந்துபோகும். ஃபால்ட் இல்லையென்றால், பெரும்பாலும் சிடி (ஓடும் கரன்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கரன்ட் டிரான்ஸ்பார்மர்) தேர்விலோ வயரிங்கிலோ செட்டிங்கிலோ இருக்கும் தவறு மறைந்தே கிடந்து அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வரும்.

கீழே வருபவை ஆலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள். கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்கிறேன்: 10 எம்விஏ, 33/11 கேவி, டெல்டா-ஸ்டார், 11 கேவி நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்டது, இம்பீடன்ஸ் (ஷார்ட் கரன்டைக் கட்டுப்படுத்தும் உள் தடை) 8.35 சதவீதம். முழு லோடில் 33 கேவி பக்கம் 175 ஆம்பியர், 11 கேவி பக்கம் 525 ஆம்பியர். சிடி முறையே 200/1, 600/1 (200 அல்லது 600 ஆம்பியர் ஓடினால் செகண்டரியில் 1 ஆம்பியர்). உங்கள் நேம் பிளேட்டில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் இரண்டு விஷயம். லைன் கிளியர் (சப்ளை நிறுத்தப்பட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் ஐசொலேட் செய்து, எர்த் ராடு போட்ட பிறகுதான் யார்டில் கை வைக்க வேண்டும். லோடு ஓடும்போது சிடி செகண்டரியை ஒருபோதும் திறக்கக் கூடாது. திறந்த முனையில் வரும் வோல்டேஜ் ஆளையே கொல்லும்.

அறிகுறி 1: சார்ஜ் பண்ணிய உடனே ட்ரிப்; 11 கேவி பிரேக்கர் இன்னும் போடவில்லை

முதலில் எந்தக் கொடி என்று பாருங்கள்.

டிஃபரன்ஷியல் (உள்ளே போகும் கரன்டையும் வெளியே வரும் கரன்டையும் ஒப்பிடும் பாதுகாப்பு; அதன் குறியீட்டு எண் 87) மட்டும் விழுந்து, புக்கோல்ஸ் (ஆயிலில் வாயு சேர்ந்தாலோ ஆயில் வேகமாகப் பாய்ந்தாலோ இயங்கும் ரிலே) அமைதியாக இருந்தால் இன்ரஷ் கரன்டாக இருக்க வாய்ப்பு அதிகம். காலி டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் பண்ணும்போது முழு லோடைப் போல 8 முதல் 12 மடங்கு வரை உச்சக் கரன்ட் பாய்ந்து மெல்ல இறங்கும். அது ஒரு பக்கத்து சிடியில் மட்டுமே ஓடுவதால் ரிலேக்கு அது உள் ஃபால்ட் போலவே தெரியும்.

செலவில்லாத சோதனை, ரிலேயில் பதிவான அலைவடிவத்தை இறக்கிப் பார்ப்பது. அலை முழுவதும் கோட்டுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து, அலைக்கும் அலைக்கும் நடுவே தட்டையான இடைவெளி தெரிந்தால் அது இன்ரஷ். இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்கும் முழு சைன் அலை என்றால் ஃபால்ட் கரன்ட். பிறகு சார்ஜ் என்ற பேச்சே வேண்டாம்; டெஸ்டிங் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இன்ரஷ்தான் என்று தெரிந்தால் இந்த வரிசையில் போங்கள்:

- செகண்ட் ஹார்மானிக் தடுப்பு (அலையில் இரு மடங்கு அதிர்வெண் கலந்திருந்தால் 87-ஐத் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா? வழக்கமான செட்டிங் 15 சதவீதம். ரிலே மாற்றிய இடங்களில் இது ‘ஆஃப்’பிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.
- 15 இருந்தும் ட்ரிப் ஆனால், எந்த ஃபேஸில் ஹார்மானிக் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். புதிய வகை கோர் உள்ள டிரான்ஸ்பார்மர்களில் ஒரு ஃபேஸில் மட்டும் 15-க்கும் கீழே போவது உண்டு. அப்போது ஒரு ஃபேஸ் தடுத்தால் மூன்றும் தடுக்கும் ‘கிராஸ் பிளாக்’ வசதியை வரையறுத்த நேரத்துக்கு மட்டும் போடலாம்.
- ஷட்டவுனில் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் பார்த்தார்களா? டிசி கொடுத்து அளந்த பிறகு கோரில் காந்தம் தங்கிவிடும். அடுத்த சார்ஜில் இன்ரஷ் பல மடங்கு சீறும். டெஸ்ட் முடிந்ததும் டீமேக்னடைஸ் செய்துதான் ஒப்படைக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

87 அமைதியாக இருந்து 33 கேவி இன்ஸ்டன்டேனியஸ் (தாமதமில்லாமல் இயங்கும் ஓவர் கரன்ட், எண் 50) விழுந்திருந்தால், செட்டிங் இன்ரஷுக்குள் மாட்டியிருக்கிறது. 11 கேவி பக்க முழு ஷார்ட்டில் 33 கேவி பக்கம் ஓடக்கூடியது 175-ஐ 0.0835-ஆல் வகுத்தால் வரும் 2095 ஆம்பியர். அதன் 1.3 மடங்கு, ஏறத்தாழ 2720 ஆம்பியர், இந்தச் செட்டிங்குக்குச் சரியான இடம். 200/1 சிடியில் அது 13.6 ஆம்பியர். அதற்குக் கீழே இருந்தால் இன்ரஷில் விழுவதோடு, 11 கேவி ஃபீடர் ஃபால்டுக்கும் 33 கேவி பிரேக்கர் போய்விடும்.

33 கேவி எர்த் ஃபால்ட் மட்டும் விழுந்தால், மூன்று சிடிகளின் கோரும் இன்ரஷில் ஒரே அளவில் காந்தத்தால் நிறைவடையாததால் வரும் பொய்யான மிச்சக் கரன்டாக இருக்கலாம். எர்த் ஃபால்ட் இன்ஸ்டன்டேனியஸில் சிறிய தாமதமோ, ரிலேயோடு தொடராக ஒரு ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டரோ போட்டால் தீரும். அதற்கு முன் கேபிள், புஷிங் மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 2: சார்ஜ் நிற்கிறது, லோடு ஏறினாலோ வெளியே ஃபால்ட் வந்தாலோ 87 விழுகிறது

அதிக நேரத்தையும் பணத்தையும் தின்பது இந்தக் கோளாறுதான். ஃபால்ட் டிரான்ஸ்பார்மரில் இருக்காது, பாதுகாப்புக் கருவியில் இருக்கும். ஆனாலும் ஆயிலை வடிக்கும் வரை போன இடங்கள் உண்டு.

லோடில் வைத்து ரிலே திரையில் டிஃபரன்ஷியல் கரன்டைப் படியுங்கள்.

*லோடு ஏற ஏற அதுவும் சேர்ந்து ஏறுகிறது, ஓடும் கரன்டைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறது என்றால்* ஒரு பக்க சிடியின் போலாரிட்டி தலைகீழ். ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் அப்படி என்றால் அந்த ஃபேஸின் எஸ்1, எஸ்2 வயர் மாறியிருக்கிறது. ஷட்டவுனில் ஒரு டார்ச் பேட்டரியும் முள் உள்ள பழைய மீட்டரும் போதும். பேட்டரியின் பிளஸ் முனையை சிடியின் பி1-இல் தொட்ட நொடியில், எஸ்1-இல் பிளஸ் வைத்த மீட்டரின் முள் வலப்பக்கம் துள்ள வேண்டும். இடப்பக்கம் போனால் வயரை மாற்றுங்கள். டிஜிட்டல் மீட்டரில் அந்தத் துள்ளலைப் பிடிக்க முடியாது.

*மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி, ஓடும் கரன்டில் பாதியளவோ முழு அளவோ காட்டினால்* வெக்டர் குரூப் (இரண்டு பக்க வைண்டிங்குக்கும் இடையிலான கோணம்) செட்டிங்கைப் பாருங்கள். நேம் பிளேட்டில் டிஒய்என் 11 என்று இருந்து ரிலேயில் 0 என்று இருந்தால் பாதியளவும், டிஒய்என் 1 என்று இருந்தால் முழு அளவும் வரும். பழைய ரிலேயைத் தூக்கிவிட்டு நியூமெரிக்கல் ரிலே போட்ட இடங்களில் இன்னொன்றும் நடக்கும்: இடைப்பட்ட சிடியோ டெல்டா இணைப்போ அப்படியே இருக்க, ரிலேயும் உள்ளே ஒரு முறை கோணத்தைத் திருப்பும். ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

*டேப் (வோல்டேஜைச் சரிசெய்ய வைண்டிங் சுற்றுகளை மாற்றும் படி) மாறும்போது மட்டும் ஏறினால்* இது எதிர்பார்த்ததுதான். +5 முதல் −15 சதவீதம் வரை டேப் உள்ளதில், கடைசி டேப்பில் 33 கேவி பக்க முழு லோடு 206 ஆம்பியர். ரிலே 175-ஐ வைத்துக் கணக்கிடுவதால் 18 சதவீத வித்தியாசம் தானாகவே விழும். பிக்அப் (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாங்காது. நடு டேப்பான −5-ஐ, அதாவது 31.35 கேவியை வைத்து ரேஷியோவைப் பொருத்தினால் வித்தியாசம் இரு பக்கமும் ஏறத்தாழ 12 சதவீதத்துக்குள் அடங்கும். பிக்அப் 30, முதல் ஸ்லோப் (ஓடும் கரன்ட் ஏற ஏற அந்த அளவை உயர்த்தும் சதவீதம்) 30 என்று வைத்தால் நிம்மதியாக ஓடும்.

*சாதாரண லோடில் பூஜ்யத்துக்கு அருகில் இருந்து, வெளி ஃபால்டில் மட்டும் விழுந்தால்* சிடி திணறுகிறது. அளவுத் தேர்வு தவறிய இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

11 கேவி பக்க முழு ஷார்ட்டில் 525-ஐ 0.0835-ஆல் வகுத்தால் சுமார் 6290 ஆம்பியர். 600/1 சிடியின் செகண்டரியில் அது 10.5 ஆம்பியர். யார்டிலிருந்து பேனல் வரை 100 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் கிலோமீட்டருக்கு 7.41 ஓம் என்ற கணக்கில் போக வர 1.48 ஓம். சிடியின் உள் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம் என்று வைத்தால், சிடி தள்ள வேண்டிய வோல்டேஜ் 10.5 × 4.48, அதாவது 47 வோல்ட். நீ பாயின்ட் (knee point, சிடியின் கோர் நிறைந்து திணறத் தொடங்கும் வோல்டேஜ்) இதைப் போல இரு மடங்காவது, 94 வோல்டுக்கு மேல் இருக்க வேண்டும். பிஎஸ் கிளாஸ் (நீ பாயின்ட் குறித்துத் தரப்படும் பாதுகாப்பு வகை) 600/1 சிடியில் இது எளிதாகவே கிடைக்கும்.

அதே இடத்தில் 600/5 வாங்கிப் போட்டால்? செகண்டரியில் 52.4 ஆம்பியர். வயரில் மட்டும் 52.4 × 1.48 = 78 வோல்ட் போய்விடும். சாதாரண முழு கரன்டிலேயே அந்த வயர் 5 × 5 × 1.48, அதாவது 37 விஏ தின்னும். 15 விஏ என்று எழுதிய சிடி அதை எப்படித் தாங்கும்? 1 ஆம்பியர் செகண்டரியில் அதே வயர் தின்பது 1.5 விஏதான். யார்டு தூரமாக இருந்தால் 1 ஆம்பியர் செகண்டரிதான் சரி. கையிருப்பில் 5 ஆம்பியர் சிடி இருக்கிறது என்பதற்காக யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சோதனை: ஷட்டவுனில் சிடி செகண்டரிக்கு மெல்ல வோல்டேஜ் ஏற்றி கரன்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வோல்டேஜ் 10 சதவீதம் ஏறும்போது கரன்ட் 50 சதவீதம் ஏறும் இடம்தான் நீ பாயின்ட். மூன்று ஃபேஸிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பாதியில் வளைந்தால் அந்த சிடியில் சுற்று ஷார்ட். தீர்வுகளை மலிவானதிலிருந்து சொன்னால்: டெர்மினல் முறுக்குவது, வயரை இரட்டிப்பது, கடைசியாக சிடியையே மாற்றுவது. ஸ்லோப்பை 60, 70 என்று ஏற்றி ட்ரிப்பை அடக்குவது தீர்வே அல்ல. அது உண்மையான ஃபால்டுக்கும் ரிலேயின் கண்ணைக் கட்டிவிடும்.

அறிகுறி 3: 11 கேவி பக்கம் ஆர்இஎஃப் (64) விழுகிறது

ஆர்இஎஃப் என்பது 11 கேவி வைண்டிங்குக்குள் வரும் எர்த் ஃபால்டை மட்டும் பார்க்கும் பாதுகாப்பு; மூன்று ஃபேஸ் சிடியையும் நியூட்ரல் சிடியையும் ஒப்பிடும். 11 கேவி பிரேக்கர் திறந்திருக்கும்போதே விழுந்ததா? நியூட்ரல் சிடியில் கரன்ட் பதிவாகியிருந்தால் ஸ்டார் வைண்டிங்கிலோ புஷிங்கிலோ கேபிளிலோ உண்மையான எர்த் ஃபால்ட். நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கரன்ட் ஏதும் பதிவாகவில்லை என்றால் வயரிங்கிலோ டெர்மினல் பெட்டியிலோ ஈரம்.

வெளி ஃபீடரில் எர்த் ஃபால்ட் வரும்போதெல்லாம் விழுந்தால் முதல் சந்தேகம் நியூட்ரல் சிடியின் போலாரிட்டி. அது சரியென்றால் ரேஷியோ. ஹை இம்பீடன்ஸ் ஆர்இஎஃப்-இல் நான்கு சிடியும் 600/1, பிஎஸ் கிளாஸ், ஒரே தரம் என்று இருந்தே தீர வேண்டும். நியூட்ரலுக்கு மட்டும் 300/1, 5பி கிளாஸ் என்று மலிவாகப் போட்டால் இந்த ட்ரிப் நிற்காது. அதற்குப் பிறகு ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர்: மேலே வந்த 47 வோல்டுக்கு, ரிலே செட்டிங் 0.1 ஆம்பியர் என்றால், 470 ஓமில் இருந்து ரிலேயின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள். பேனலுக்குள் அந்த ரெசிஸ்டரின் ஸ்லைடர் கிளிப் நழுவிக் கிடப்பதும் உண்டு, மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

அறிகுறி 4: ஃபால்ட் 11 கேவி ஃபீடரில், போனது 33 கேவி பிரேக்கர்

ஃபீடர், 11 கேவி இன்கமர் (டிரான்ஸ்பார்மரிலிருந்து பேனலுக்கு வரும் பிரேக்கர்), 33 கேவி என்ற மூன்று நிலை ரிலேக்களுக்கு இடையிலான நேர இடைவெளி உடைந்திருக்கிறது. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில், 33 கேவி ரிலே பிக்அப் 210 ஆம்பியர் என்றால் 2095 ஆம்பியர் அதற்குப் பத்து மடங்கு. டிஎம்எஸ் (ரிலேயின் நேரத்தைப் பெருக்கும் செட்டிங்) 1-இல் 2.97 வினாடி. டிஎம்எஸ் 0.25 வைத்தால் 0.74 வினாடி. 11 கேவி இன்கமர் பிக்அப் 600 ஆம்பியர், டிஎம்எஸ் 0.15 என்றால் 6290 ஆம்பியருக்கு 0.44 வினாடி. இடைவெளி 0.30, தாளில் சரியாகத்தான் தெரியும்.

ஆனால் டெல்டா-ஸ்டாரில் ஒரு பிடி இருக்கிறது. 11 கேவி பக்கம் இரண்டு ஃபேஸ் மட்டும் ஷார்ட் ஆனால் அங்கே ஓடுவது 87 சதவீதம், சுமார் 5450 ஆம்பியர், இன்கமர் 0.47 வினாடி எடுத்துக்கொள்ளும். 33 கேவி பக்கம் ஒரு ஃபேஸில் மட்டும் முழு 2095 ஆம்பியரும் ஓடும். அந்த ரிலே அதே 0.74-இல்தான் வரும். இடைவெளி 0.27-ஆகச் சுருங்கிவிட்டது. 33 கேவி டிஎம்எஸ்ஸை 0.27 ஆக்கினால் 0.80 வினாடி, இடைவெளி மறுபடி சரியாகும். டிரான்ஸ்பார்மர் ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்க வேண்டிய நேரம் 2 வினாடி என்பதால் இதில் ஆபத்து இல்லை.

அதே காரணத்தால் 33 கேவி பக்கம் மூன்று ஃபேஸிலும் ஓவர் கரன்ட் வேண்டும். பழைய பேனலில் இரண்டு ஓவர் கரன்ட், ஒரு எர்த் ஃபால்ட் என்று இருந்தால், பெரிய கரன்ட் ஓடும் அந்த ஒரு ஃபேஸ் ரிலே இல்லாத ஃபேஸாக அமையலாம்.

செட்டிங்கை நீங்களே மாற்றலாம், ஆனால் 33 கேவி ரிலேயின் நேரம் மின்வாரியத்தின் ஃபீடர் ரிலேக்குள் அடங்க வேண்டும். அவர்களின் செட்டிங்கை எழுத்தில் வாங்காமல் மேல்நோக்கி நகர்த்தாதீர்கள்.

அறிகுறி 5: புக்கோல்ஸ்

*அலாரம் மட்டும்.* பார்வைக் கண்ணாடியில் ஆயில் முழுதாக இருந்தால் உள்ளே வாயு இல்லை. டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். கேபிள் கிளாண்டில் ரப்பர் காய்ந்து மழைநீர் இறங்கியிருக்கும். துடைத்து, காயவைத்து, கிளாண்டை மாற்றினால் போதும்.

கண்ணாடியில் ஆயில் இறங்கி வாயு தெரிந்தால், முதலில் கன்சர்வேட்டர் (மேலே உள்ள ஆயில் தொட்டி) லெவல். சமீபத்தில் ஆயில் ஃபில்டர் செய்திருந்தால் சிக்கிய காற்றாக இருக்கலாம். அப்படி நினைத்து உடனே பெட்காக்கை (புக்கோல்ஸின் சிறு வால்வை) திறந்து வெளியே விட்டுவிடாதீர்கள், மாதிரி எடுத்த பிறகு விடுங்கள். பெட்காக்கின் முனையில் தீக்குச்சி காட்டி வாயு எரிகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். சிரிஞ்சில் வாயுவையும், கீழ் வால்விலிருந்து ஆயிலையும் எடுத்து டிஜிஏ-வுக்கு (ஆயிலில் கரைந்த வாயுக்களைப் பகுக்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். அசிட்டிலின் வந்தால் உள்ளே ஆர்க்.

*ட்ரிப்.* வெளியே பெரிய ஃபால்ட் நடந்த அதே நொடியில், 87 விழாமல், வாயுவும் இல்லாமல் புக்கோல்ஸ் மட்டும் விழுந்திருந்தால் ஆயில் அதிர்ந்த அலையாக இருக்கலாம். மெகர், ரேஷியோ, மூன்று ஃபேஸிலும் 415 வோல்ட் கொடுத்து மேக்னடைசிங் கரன்ட், இந்த மூன்று சோதனையும் சரியாக வந்த பிறகே சார்ஜ். புக்கோல்ஸும் 87-உம் சேர்ந்து விழுந்திருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பூட்டுப் போட்டுவிட்டு தயாரிப்பாளரையோ பழுதுபார்ப்பவரையோ கூப்பிடுங்கள்.

1000 கேவிஏ-வும் அதற்கு மேலும் உள்ளதற்கு வாயு அழுத்தப் பாதுகாப்பும், 10 எம்விஏ-வும் அதற்கு மேலும் உள்ளதற்கு டிஃபரன்ஷியலும் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளே சொல்லியிருந்தன; 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. ‘அடிக்கடி விழுகிறது’ என்று புக்கோல்ஸ் ட்ரிப் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கும் பேனல்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. அதை இன்றே திரும்ப மாட்டுங்கள்.

அறிகுறி 6: வெப்ப ட்ரிப், லோடு அவ்வளவு இல்லை

கையை வைத்தே பாதி தெரியும். ரேடியேட்டர்களின் மேல் பகுதியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை சுட, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு மூடியிருக்கிறது. பழுதுபார்த்தபின் திறக்க மறந்திருப்பார்கள். பிறகு ஃபேன் ஓடுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா. அதன் பிறகு தெர்மாமீட்டரை டேங்க் மேலுள்ள பாக்கெட்டில் (அதற்கென உள்ள குழியில்) வைத்து ஓடிஐ-யோடு (ஆயில் வெப்ப மீட்டரோடு) ஒப்பிடுங்கள். நல்ல லோடிலும் வைண்டிங் மீட்டரும் ஆயில் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டினால் வைண்டிங் மீட்டரின் ஹீட்டருக்குப் போகும் சிடி வயர் அறுந்திருக்கிறது. அது திறந்த சிடி, ஷட்டவுன் எடுத்தே தொடுங்கள். பல இடங்களில் ஆயிலுக்கு 85-இல் அலாரம், 95-இல் ட்ரிப். வைண்டிங்குக்கு 95, 105. தயாரிப்பாளர் தந்த எண் வேறாக இருந்தால் அதுவே சரி.

அறிகுறி 7: ரிலே கொடி விழுந்தது, பிரேக்கர் விழவில்லை

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் மேலே மின்வாரியத்தின் பிரேக்கர் போகும்வரை ஃபால்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரிப் சர்க்யூட் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் டிசி ஃப்யூஸ், ட்ரிப் காயில், பிரேக்கரின் துணைக் கான்டாக்ட், இந்த வரிசை. எரிகிறது என்றால் பேட்டரி. சும்மா இருக்கும்போது 110 வோல்ட் காட்டும் பேட்டரி, ஒரு செல் செத்திருந்தால் காயில் இழுக்கும் நொடியில் பாதிக்கு விழும். ட்ரிப் கொடுக்கும்போதே மீட்டரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

கொடியே விழாமல் ஃபால்ட் கடந்துபோயிருந்தால் சிடி டெர்மினல் பிளாக்கைப் பாருங்கள். டெஸ்ட் முடிந்து போனவர்கள் ஷார்ட்டிங் லிங்கைத் திறக்காமல் விட்டிருந்தால் ரிலேக்கு ஒரு ஆம்பியர்கூட வராது. லோடில் ரிலே திரையில் மூன்று ஃபேஸ் கரன்டும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒரு முறை குறித்துவந்தால் இது ஃபால்ட் வரும் முன்பே தெரிந்துவிடும்.

பிரேக்கரின் மெக்கானிசம் சிக்கியிருந்தால் எண்ணெய் விட்டுத் தட்டிப் பார்க்காமல் பிரேக்கர் கம்பெனி ஆட்களைக் கூப்பிடுங்கள். எந்த அறிகுறிக்கு டெஸ்டிங் இன்ஜினியர் வந்தாலும் மேஜையில் தயாராக இருக்க வேண்டியவை: நேம் பிளேட் படம், சிடி டெஸ்ட் ரிப்போர்ட், தேதியோடு செட்டிங் தாள், ரிலேயிலிருந்து இறக்கிய பதிவு, கொடி விழுந்தபோது எடுத்த படம், அந்த நேரத்து லோடும் டேப்பும்.